ஆன்லைன் வினாடி வினா: முடிவை உடனே காட்டாதீர்கள்

சேலம், ஏற்காடு பக்கம் மாணவர்களுக்கு கூகுள் ஃபார்மில் போட்டி வைப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது மதிப்பெண் வெளியாகும் நேரத்தை. அனுப்பியதும் விடை தெரிந்தால், முதலில் முடித்தவரின் ஸ்கிரீன்ஷாட் ஐந்தே நிமிடத்தில் எல்லோர் கைக்கும் போய்விடும். போட்டி முடிந்து, சரிபார்த்த பிறகே வெளியிடும்படி செட்டிங்ஸில் மாற்றுங்கள். கேள்வி வரிசையும் விடை வரிசையும் கலைந்து வரட்டும்.

'மேட்டூர் அணை கட்டி முடித்த ஆண்டு?' என்று கேட்டால் தேடி எழுதிவிடுவார்கள். 'வினாடிக்கு 12,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் எத்தனை டி.எம்.சி. வெளியேறும்?' என்று கேளுங்கள். ஒரு நாளுக்கு 86,400 வினாடி, ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆக 12,000 × 86,400 = 103.68 கோடி கன அடி, சுமார் 1.04 டி.எம்.சி. எண்ணை மட்டும் மாற்றி மூன்று தாள் தயாரிக்கலாம். அடுத்த தாளின் விடை அப்படியே வந்தால் காப்பி தெரிந்துவிடும். இருவருக்கு ஒரே தவறான விடைகள் வரிசையாக வந்தாலும் கவனியுங்கள். ஆனால் அதை மட்டும் வைத்து நீக்காமல், போனில் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒருவருக்கு ஒரு முறை என்று ஜிமெயிலால் கட்டுப்படுத்தினால், ஒரே போனில் எழுதும் அண்ணன் தங்கையில் ஒருவர் வெளியே நிற்பார். இரண்டு மெயில் உள்ளவரோ இருமுறை எழுதுவார். ஆளுக்கொரு பதிவு எண் கொடுத்து, முதல் பதிவை மட்டும் கணக்கிடுங்கள். சமநிலை வந்தால் வேகத்தைப் பார்க்க வேண்டாம். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

அறிவிப்புக்கு வாட்ஸ்அப் குரூப் வேண்டாம். மாணவிகளின் போன் எண் எல்லோருக்கும் தெரியும், தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கும். சேனல் போதும், சேர்ந்தவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது.