கல்கிசையில் இரண்டு இரவு: யாழ்ப்பாணம் போகுமுன் இளைப்பாற ஓர் இடம்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும், வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் நேரே போய்ச் சேருகிற இடம் கொழும்பின் வெள்ளவத்தை. சொந்தக்காரர் வீடு, சாப்பாட்டுக் கடை, சேலைக் கடை, யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் என்று எல்லாம் அங்கேயே கிடைக்கிறது. நானும் பல தடவை அப்படித்தான் செய்தேன். கடந்த சில பயணங்களாக முதல் இரண்டு இரவையும் அங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தெற்கே, கல்கிசையில் கழிக்கிறேன். நேர வித்தியாசத்தால் நடுச்சாமத்தில் விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் வைத்துச் சமாளிப்பது பெரும்பாடு. கடற்கரை ஊரில் அந்தப் பிரச்சினை இல்லை, விடிந்ததும் மணலில் விட்டுவிடலாம்.

கல்கிசை கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர். தெஹிவளை-கல்கிசை மாநகர சபைக்குள் வருகிறது. ஆங்கிலத்தில் மவுண்ட் லவீனியா. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு: 1805இல் ஆளுநராக வந்த தோமஸ் மெயிட்லண்ட், லொவினா என்ற நடனப் பெண்ணின் மேல் காதல் கொண்டு, அவள் வந்துபோகச் சுரங்கப் பாதை வெட்டினார் என்பார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அவர் அங்கே மாளிகை கட்டியது உண்மை. கடலுக்குள் நீட்டி நிற்கும் பாறையில் இன்றைக்கு ஹோட்டலாக இருப்பது அதுதான். அங்கே தங்கக் கட்டுபடியாகாவிட்டாலும் ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வடக்கே கொழும்பின் உயர்ந்த கட்டடங்கள் வரிசையாகத் தெரியும்.

காசுள்ளவர்களின் ஊர் என்பது ஹோட்டல் வீதியிலும் டி சேரம் வீதியிலும் நடந்தாலே விளங்கும். உயர்ந்த மதில், பெரிய கேற், உள்ளே மாமரம். இடையிடையே பழைய வீட்டை இடித்து எழுப்பிய அடுக்குமாடிகள். காலி வீதியில் பரி தோமாவின் கல்லூரி இருக்கிறது, 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கி 1918இல் இங்கே இடம்மாறியது. இன்னும் தெற்கே போனால் இரத்மலானையில் கொழும்பு இந்துக் கல்லூரி. பழைய மாணவர் யாராவது உங்களோடு வந்தால் அந்தப் பக்கம் ஒரு நடை போகாமல் விடமாட்டார்கள், அரை நாளை ஒதுக்கி வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. கடற்கரைக்குப் போக அதைக் குறுக்கே கடக்கத்தான் வேண்டும், பல இடங்களில் கேற்றும் கிடையாது, காவலாளியும் கிடையாது. அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது. ஒரு ரயில் போய் முடிந்ததும் மற்றத் தண்டவாளத்தில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று வரலாம். பிள்ளைகளின் கையைப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டுக் கடவுங்கள். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதை ஊர்ப் பொடியங்கள் செய்வார்கள், நீங்கள் செய்ய வேண்டாம்.

அறை எடுக்கும்போதும் இந்த ரயிலை நினைவில் வையுங்கள். "கடலோரம்" என்று விளம்பரத்தில் இருந்தால் அது தண்டவாளத்தோரமும்தான். முதல் ரயில் விடியுமுன்னே உங்கள் கட்டிலை ஆட்டிவிடும். ஒரு வரிசை உள்ளே தள்ளி எடுத்தால் வாடகையும் குறையும், நித்திரையும் வரும்.

கடலில் இறங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் வருவது ஜூலை, ஆகஸ்டில். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா. மேற்குக் கரையில் தென்மேல் பருவக்காற்று அடிக்கும் காலமும் அதுதான். மே தொடக்கம் செப்டம்பர் வரை கல்கிசைக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் அதுவும் வேண்டாம். குளிக்க நல்ல காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. படங்களில் பார்த்த அகலமான மணல்வெளியைத் தேடாதீர்கள். கரை அரிப்பு இங்கே பழைய தொல்லை. 2020இல் மணல் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தார்கள், அதில் நிறையக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது.

மணலோரச் சாப்பாட்டுக் கடைகளில் மீனையும் இறாலையும் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். காட்டும்போதே கிலோ விலையா, முழு மீனுக்கா என்று கேட்டு, நிறுக்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் ஒரு பாரை மீனைத் தெரிவு செய்தேன். பில்லைப் பார்த்த என் மச்சான் இன்றைக்கும் என்னைப் பாரை என்றுதான் கூப்பிடுகிறான். சேவைக் கட்டணம் 10 வீதம் பில்லில் சேர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். போயா (பௌர்ணமி) நாளில் மதுபானம் விற்கமாட்டார்கள், கடற்கரையும் கொஞ்சம் அமைதியாக இருக்கும். வயதான பெற்றோரோடு போனால் அன்றைக்குப் போவது நல்லது.

இடியப்பமும் சொதியும் வேண்டுமென்றால் ரயில் ஏறி வெள்ளவத்தைக்குப் போங்கள், இடையில் தெஹிவளை மட்டும்தான். காலையில் வேலைக்குப் போவோர் வாசலில் தொங்குவார்கள், பத்து மணிக்குப் பிறகு போனால் இருக்க இடம் கிடைக்கும். பஸ் என்றால் காலி வீதியில் 100, 101 இரண்டும் புறக்கோட்டை வரை போகும். ஓட்டோவுக்குப் பிக்மீ அல்லது ஊபர் செயலியைப் போட்டுவிட்டால் பேரம் பேசத் தேவையில்லை. விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள். மயூரபதி அம்மன் கோயில் வெள்ளவத்தையில், விஷ்ணு கோயில் தெஹிவளை நெடிமாலையில். இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம்.

மொழி பயப்படும் அளவுக்கு இல்லை. தெஹிவளையில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நிறைய இருக்கிறார்கள். கல்கிசையில் சிங்களம் கூடுதல், கடைகளில் ஆங்கிலம் எடுபடும். "கீயத" என்றால் எவ்வளவு, "பஹினவா" என்றால் இறங்கப் போகிறேன். இந்த இரண்டும் போதும். ஓட்டோக்காரர் உங்களை "மல்லி" என்றால் கொத்தமல்லியை நினைக்க வேண்டாம், தம்பி என்கிறார். "அய்யா" என்றால் அண்ணன். என் அப்பாவை ஒரு கிழவர் மல்லி என்று கூப்பிட்டதில் அவருக்கு நாள் முழுக்கச் சந்தோஷம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் சுற்றுலா இடங்களில் வெளிநாட்டுக் கட்டணம்தான். ஓரிடத்தில் அம்மா, "நான் இங்கேதான் பிறந்தனான்" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் சிரித்தார், காசு குறையவில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அடையாள அட்டையைக் கையில் கொண்டுபோங்கள்.

நுளம்பு மருந்து அவசியம், கொழும்புப் பக்கம் டெங்கு எப்போதும் உண்டு. பெரிய அரச வைத்தியசாலை களுபோவிலையில், கிட்டத்தான். அம்புலன்ஸுக்கு 1990, இலவசம். பொலிசுக்கு 119.

அப்புறம் வடக்குப் பயணம். யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசன்துறைக்குப் போகும் குளிரூட்டிய நகர்சேர் ரயில் கல்கிசையிலிருந்தே கிளம்பும் வழக்கம் உண்டு. அப்படியானால் பெட்டிகளோடு கோட்டையில் இடிபடத் தேவையில்லை. ஆனால் நேர அட்டவணை மாறும், மழைச் சேதத்தால் பாதை தடைப்படுவதும் உண்டு. ஆகவே பயணத் திகதி முடிவானதும் ரயில்வே திணைக்களத்தின் தளத்தில் பாருங்கள், அல்லது அரச தகவல் நிலையத்தின் 1919க்கு எடுத்துத் தமிழிலேயே கேளுங்கள். திருவிழாக் காலத்தில் ஆசனங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல் கையில் வையுங்கள். கடல் இடது பக்கம் வரும், ஆனால் ரயில் விடியுமுன் கிளம்பினால் அந்த யன்னலுக்குச் சண்டை பிடிக்க வேண்டாம். கொள்ளுப்பிட்டி தாண்டும் வரை வெளியே இருட்டுத்தான், பூட்டிய கண்ணாடிக்குள் அலைச் சத்தமும் கேட்காது.