மலையகப் படகுக்கு மின் டவுன்ரிகர்: ஏரியின் அடியிலிருந்து தேர்வைத் தொடங்குங்கள்

பங்குனி வெயிலில் நீர் நன்றாக வற்றிய வருடங்களில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1960களில் அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து, இதுதான் கடைவீதி, இதுதான் தேர் போன பாதை என்று காட்டுவார்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் தண்ணீர் திரும்ப ஏறிவிடும். பிறகு அந்தச் சுவர்களுக்கு மேலேதான் படகுகள் ஓடும்.

தூண்டில் இரையைப் படகிலிருந்து ஆழத்துக்கு இறக்கும் மின் டவுன்ரிகர் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். எத்தனை அடி இறங்கும்? எவ்வளவு வேகமாகத் தூக்கும்? உங்கள் ஏரியின் அடியில் என்ன கிடக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கும் அது தெரிவதில்லை. நான் நோர்வூட் பக்கத்தில் மோட்டார் சுற்றுக் கட்டும் வேலை செய்கிறவன். என் மச்சானிடம் பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. அனுமதி பெற்று நீர்த்தேக்கத்தில் தூண்டில்காரர்களை ஏற்றிச் செல்வார். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய்விடுவார். அந்தப் படகில் இயந்திரத்தைப் பொருத்தியும் கழற்றியும் திரும்பப் பொருத்தியும் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

டவுன்ரிகர் என்ன செய்கிறது

படகின் பின்மூலையில் பொருத்தும் சிறிய வின்ச் இது. அதில் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பியின் நுனியில் நான்கைந்து கிலோ எடையுள்ள ஈயக் குண்டு தொங்கும். குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கவ்வி இருக்கும். உங்கள் தூண்டில் நரம்பை அந்தக் கவ்வியில் கொடுத்துக் குண்டை இறக்கினால், இரை நீங்கள் விரும்பிய ஆழத்துக்குப் போய்விடும். படகு மெதுவாக ஓட, இரையும் அதே ஆழத்தில் பின்தொடரும். மீன் கடித்து இழுத்ததும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும். அதன் பிறகு குண்டின் பாரம் இல்லாமல், தூண்டிற்கோலும் நீங்களும் மீனும் மட்டும்தான். கையால் சுற்றும் வகையும் உண்டு. மின்வகையில் 12 வோல்ட் மோட்டார் குண்டைத் தூக்கிவிடும்.

இது பரவலானது வட அமெரிக்காவின் பேரேரிகளில். மிச்சிகன் ஏரியில் 1966 இல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். அவை வளர்ந்து குளிர்ந்த ஆழத்தில் திரியத் தொடங்கியதும், அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோக ஒரு வழி தேவைப்பட்டது. விற்பனைப் பட்டியல்களில் காணும் எண்களெல்லாம் அந்த ஏரிகளை மனதில் வைத்து எழுதியவை. நம் நீர்த்தேக்கங்களுக்கு அவை அப்படியே பொருந்தா.

முதலில்: உங்களுக்கு இது தேவைதானா

திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் இது வேண்டாம். விரால் கரையோரப் புல்லுக்குள் கிடக்கும் மீன், அதற்கும் வேண்டாம். துரைமார் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனைத் தேடி நுவரெலியா பக்கத்து ஓடைகளுக்குப் போகிறவர்களுக்கும் இதில் வேலை இல்லை. அகன்ற நீரில் படகை ஓட்டியபடி, நடு ஆழத்தில் இரையை இழுத்துச் செல்கிறவர்களுக்கும், படகைக் கடலுக்கும் கொண்டுபோய்ச் சீலா, பாரை பிடிக்கிறவர்களுக்கும்தான் இந்தச் செலவு பொருந்தும். பணம் கொடுக்கும் முன்பே, நீர்த்தேக்கத்தைப் பராமரிக்கும் நிறுவனத்திடமும் கடற்றொழில் பரிசோதகரிடமும் மோட்டார் படகுக்கும் மீன்பிடிக்கும் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

படி 1: வற்றிய ஏரியை நடந்து பாருங்கள்

மாசி, பங்குனியில் நீர் இறங்கியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். மரக்குற்றிகள், பழைய பாலத்தின் தூண், கல்லுக்கட்டு, தேயிலை மலையின் பழைய வரம்பு என்று கண்ணில் படுவதையெல்லாம் கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் எதிர்க்கரையில் அசையாத ஓர் அடையாளம் விழட்டும்: தொழிற்சாலைக் கூரை, கோயில் கோபுரம், தனியாக நிற்கும் மரம் எதுவானாலும் சரி. நீர் நிறைந்த பிறகு உங்களுக்கு வழிகாட்டப் போவது அந்த அடையாளம்தான். கொத்மலையில் படகு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கும் நீர் இறங்கினால் கடதொர விகாரையின் இடிபாடு தலைகாட்டும்.

அடி முழுக்க வழுவழுப்பான சேறு என்றால் உங்கள் தேர்வு சுலபம். மரமும் சுவரும் நிறைந்திருந்தால் நான்காம் படியை இரண்டு தடவை படியுங்கள்.

படி 2: ஆழத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

மின் டவுன்ரிகர்களில் வழக்கமாக 200 முதல் 400 அடி வரை கம்பி சுற்றி வரும். நாட்டிலேயே உயரமான விக்டோரியா அணையின் உயரமே 122 மீற்றர்தான். அதாவது ஏறத்தாழ 400 அடி. மேலும், ஆழமான நீர்த்தேக்கத்தில் வெதுவெதுப்பான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்காக நிற்கும் காலங்களில், அடியில் உயிர்வாயு குறைந்துபோகும். உயிர்வாயு இல்லாத இடத்தில் மீன் தங்காது. நாங்கள் நீர்த்தேக்கத்தில் குண்டை 15 மீற்றருக்குக் கீழே இறக்கியது மிகக் குறைவு. ஆகவே 200 அடிக் கம்பியே தாராளம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தின் எண்ணி (கவுன்டர்) காட்டுவது வெளியே போன கம்பியின் நீளத்தை. படகு ஓடும்போது நீரின் எதிர்ப்பால் குண்டு பின்னுக்குச் சாய்ந்து வரும். கம்பி நேர்க்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து, 20 மீற்றர் வெளியே போயிருந்தால், குண்டு இருப்பது 17 மீற்றர் ஆழத்தில். வேகத்தைக் குறைத்ததும் அது நேராகி, விடுபட்ட அந்த 3 மீற்றரும் கீழே இறங்கிவிடும். சிக்கல்களில் பாதி இப்படி நடப்பதுதான்: மீன் கடித்த உற்சாகத்தில் படகை நிறுத்துகிறோம், குண்டு போய் மரத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

படி 3: குண்டின் எடை

மணிக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் வேகத்தில், 15 மீற்றர் ஆழத்துக்கு, 4 முதல் 5 கிலோ குண்டு போதும். கடலுக்கும் போகிறீர்கள் என்றால் 7 கிலோ வரை தூக்கக்கூடிய இயந்திரமாகப் பாருங்கள். குண்டு நீர்மட்டத்துக்கு வந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும் வசதி இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஒரு கணம் அயர்ந்தாலும் குண்டு மேலே வந்து கப்பியை உடைத்துவிடும்.

செலவைக் குறைக்க வீட்டில் ஈயம் உருக்கிக் குண்டு வார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஈயப் புகையும் தூசும் நஞ்சு, அதிலும் குழந்தைகளுக்கு மிகக் கெடுதல். லயத்து வீடுகளில் ஓர் அடுப்பின் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்கும் போகும். மேற்பூச்சு உள்ள குண்டாகவே வாங்குங்கள்.

படி 4: கிளச்

என் கணக்கில் டவுன்ரிகரின் உயிரே இதுதான். கம்பிச் சுருளைப் பிடித்து வைத்திருப்பதும், அளவுக்கு மீறி இழுத்தால் நழுவவிடுவதும் கிளச்சின் வேலை.

முதல் வருடம் குண்டு தானாக மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்று மச்சான் கிளச்சை முழுவதுமாக இறுக்கிவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. நீர் பாதி நிறைந்திருந்த ஒரு காலைநேரம். குண்டு அடியில் எதிலோ மாட்டியது. படகு முன்னே போக, கம்பி வில்லாக விறைத்தது, பின்மூலை தாழ்ந்தது, தண்ணீர் விளிம்புக்கு மேலாக வழிந்து உள்ளே வந்தது. "என்ஜினை நிறுத்து மாமா!" என்று மச்சானின் மகன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நான் நிறுத்துவதற்குள் கம்பி அறுந்து, சவுக்கு மாதிரி என் தோளுக்கு மேலாகப் பறந்துபோனது. உயிர்காப்பு அங்கி எல்லோரும் போட்டிருந்தோம். யாருக்கும் அடி இல்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கம்பி அறுவதற்கு 150 பவுண்ட் இழுவை வேண்டும். கிட்டத்தட்ட 68 கிலோ. வளர்ந்த ஓர் ஆள் படகின் ஒரு மூலையில், டவுன்ரிகரிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் கையின் (கம்பியைத் தாங்கும் தண்டின்) நுனியில் தொங்குவதற்குச் சமம். சிறிய படகு அதைத் தாங்காது.

அதனால் கிளச்சை இப்படிப் பாருங்கள். கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். கம்பி நுனியில் அதை மாட்டி, இயந்திரத்தை நிறுத்தி வைத்தபடி கையால் மெதுவாக இழுங்கள். 4.5 கிலோ குண்டு என்றால், முள் 8 அல்லது 9 கிலோவைத் தொடும்போது சுருள் வழுக்க வேண்டும். ஐந்து தடவை இழுத்துப் பாருங்கள். ஐந்து தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வழுக்கினால் நல்ல கிளச். ஒரு தடவை 6, மறுதடவை 14 என்று முள் தாவினால் அந்த இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சரியான இடம் கிடைத்ததும் திருகுப்பிடியிலும் உடலிலும் சேர்த்து நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கம்பி வெட்டும் குறடு ஒன்றையும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டி வையுங்கள்.

படி 5: கையும் அடித்தளமும்

சிறிய படகின் பின்மூலைக்கு 60 சென்டிமீற்றர் கை போதும். கை நீள நீள, மாட்டும்போது படகைக் கவிழ்க்கும் விசையும் கூடும். கரைக்கு வரும்போது உள்பக்கம் திருப்பிக்கொள்ளும் சுழல் அடித்தளம் இருந்தால் நல்லது. ஃபைபர் விளிம்பில் வெறும் திருகாணி போட்டு முடிக்காதீர்கள். அடிப்பக்கம் ஓர் அலுமினியத் தகடோ தடித்த கடற்பலகையோ வைத்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை ஊடுருவிப் போட்டு இறுக்குங்கள்.

படி 6: மின்கம்பி இணைப்பு

இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "பெட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது, குண்டு மெதுவாக ஏறுகிறது" என்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெட்டரியில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். 20 மீற்றரிலிருந்து குண்டைத் தூக்க ஏறத்தாழ 17 வினாடி போகும். அப்போது 15 அம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஐம்பது தடவை தூக்குவதற்கு மூன்றரை அம்பியர்-மணிதான் செலவு. 70 அம்பியர்-மணி பெட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை.

குறை இருப்பது இடையில் ஓடும் மின்கம்பியில். பெட்டரிக்கும் இயந்திரத்துக்கும் இடையே 4 மீற்றர் தூரம் என்றால், மின்சாரம் போய்வரும் வழி 8 மீற்றர். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியில் 20 அம்பியர் ஓடினால், வழியிலேயே 1.2 வோல்ட் காணாமல் போகும். மோட்டார் திணறும், சூடேறும், மீன்காட்டிக் கருவி அணைந்து அணைந்து எரியும். 6 சதுர மில்லிமீற்றர் கம்பி போட்டால் இழப்பு அரை வோல்ட்டாகக் குறையும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் அதையே வாங்குங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடிக்காது. கையேட்டில் சொன்ன அளவு பிரேக்கரைப் பெட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். என்ஜினை மின்சாரத்தால் ஸ்டார்ட் செய்கிற படகு என்றால் டவுன்ரிகருக்குத் தனிப் பெட்டரி வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஏரி நடுவில் என்ஜின் இயங்காமல் நிற்கக் கூடாது.

படி 7: வாங்கும்போது

பட்டியல்களில் அதிகம் காணும் பெயர்கள் கெனன், ஸ்கொட்டி. பெயரைவிட, கம்பியும் கப்பியும் கிளச் வட்டும் தனியாக வாங்கக் கிடைக்குமா என்பதையே நான் முதலில் விசாரிப்பேன். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பும் இயந்திரம் நம் வீட்டு 230 வோல்ட்டில் ஓடுமா என்ற கவலை வேண்டாம். அது படகின் 12 வோல்ட்டில் ஓடுவது. பெட்டரி சார்ஜரை மட்டும் இங்கேயே வாங்குங்கள். பழைய இயந்திரம் என்றால் சுருளைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணலை அரைப்பது போலச் சத்தம் வந்தால் தாங்கி போய்விட்டது. கம்பியை முழுவதும் வெளியே இழுத்து, துணியால் பிடித்து உருவிப் பாருங்கள். துணியில் நூல் மாட்டும் இடத்தில் இழை அறுந்திருக்கிறது.

படி 8: முதல் நாள்

காற்று இல்லாத காலையில், அடி சேறு என்று நீங்கள் நடந்து பார்த்த பகுதிக்குப் போங்கள். படகு மெல்ல ஓடட்டும். இரையை 10 மீற்றர் பின்னால் விட்டு, நரம்பைக் கவ்வியில் கொடுத்து, குண்டை 5 மீற்றருக்கு மட்டும் இறக்குங்கள். தூண்டிற்கோல் நுனி வளையும்வரை நரம்பைச் சுற்றுங்கள். இனி கோலைக் கையால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் கவ்வி விட வேண்டும், கோல் நிமிர வேண்டும். விடவில்லை என்றால் கவ்வியின் பிடியைத் தளர்த்துங்கள். இதைப் பத்துத் தடவையாவது செய்து பழகுங்கள்.

படகைத் திருப்பும்போது அகலமாகத் திருப்புங்கள். நிறுத்துவதானால் முதலில் குண்டு மேலே, பிறகு என்ஜின். கடலிலிருந்து திரும்பிய அன்றே நல்ல தண்ணீரால் சுருளைக் கழுவி, கம்பியை நிழலில் உலர்த்தி, திரும்பச் சுற்றும்போது நகச்சாயக் கோடு நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.