செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயில் காலத்தில் வேலூரில் இரண்டு எண்கள் ஒன்றாகப் புழங்குகின்றன. நாளிதழ் 105.8 டிகிரி என்று ஃபாரன்ஹீட்டில் அச்சிட்டிருக்க, கைப்பேசி 41 என்று செல்சியஸில் காட்டுகிறது. இரண்டும் ஒரே வெப்பநிலைதான். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை, இரண்டு அளவுகளும் வெவ்வேறு இடத்தில் தொடங்குகின்றன என்பதை மறப்பதால் வருகின்றன.

பனிக்கட்டி உருகும் நிலை செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. நீரின் கொதிநிலை முறையே 100, 212. ஆகவே செல்சியஸ் 100 பாகமாகப் பிரிக்கும் அதே இடைவெளியை ஃபாரன்ஹீட் 180 பாகமாகப் பிரிக்கிறது; 1.8 என்ற எண் வருவது இதனால்தான். ஃபாரன்ஹீட்டிலிருந்து மாற்றும்போது முதலில் 32-ஐக் கழித்து, அதன் பிறகே 1.8-ஆல் வகுக்க வேண்டும்: 104-இல் 32 போக 72, அதை வகுத்தால் 40. முதலில் வகுத்துவிட்டுப் பிறகு கழிப்பவருக்கு ஏறத்தாழ 25.8 கிடைக்கும். மே மாத வேலூரின் நண்பகலுக்கு அந்த விடை பொருந்தாது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அவ்வளவு எளிதில் கண்ணில் படாத தவறு ஒன்று உண்டு. படித்தவர்களும் இதில் தடுமாறுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஒரு வரையறைப்படி, சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடுதலாகவும் இருந்தால் அது வெப்ப அலை. இதில் 40 என்பது வெப்பநிலை, 4.5 என்பது இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலான வேறுபாடு. 40-ஐ 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டி 104 என்று எழுதுவது சரி. அதே 32-ஐ 4.5-க்கும் கூட்டினால், 'இயல்பைவிட 40.1 டிகிரி அதிகம்' என்ற பொருந்தாத செய்தி பிறந்துவிடும். ஒரு வெப்பநிலையிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரண்டிலும் உள்ள 32 அடிபட்டுப் போவதால், வேறுபாட்டை 1.8-ஆல் பெருக்கினாலே போதும்; சரியான விடை 8.1. 'நாளை 2 டிகிரி செல்சியஸ் உயரும்' என்பதும் அவ்வாறே 3.6 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வுதான், 35.6 அன்று.

'வெயில் சதமடித்தது' என்ற தலைப்பை வெப்ப அலை என்று எண்ணிக்கொள்வதும் தவறு. அந்த 100 டிகிரி, செல்சியஸில் 37.8 மட்டுமே.

மனக்கணக்குக்காகச் சிலர் செல்சியஸை இரு மடங்காக்கி 30-ஐக் கூட்டுகிறார்கள். 10 டிகிரிக்கு இது மிகச் சரியாக 50 என்று வரும்; அதற்கு மேலே போகப் போகப் பிழை வளரும். உடல் வெப்பத்துக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது, ஏனெனில் நலமாக உள்ளவரின் 37 டிகிரி இந்தக் கணக்கில் 104 டிகிரி காய்ச்சலாகிவிடும். இரு மடங்காக்கியதும் அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, பிறகு 32-ஐக் கூட்டினால் விடை துல்லியமாகவே வரும்: 37, 74, 66.6, இறுதியில் 98.6.

டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் பலவற்றில் அலகை மாற்றும் வசதி இருப்பதால், திரையின் ஓரத்தில் உள்ள 'சி' அல்லது 'எஃப்' என்ற சிறிய எழுத்தைப் பார்த்த பிறகே எண்ணைப் படிக்க வேண்டும். 98, 100 என்றே படித்துப் பழகிய வீட்டில் 38.4 என்ற எண் அற்பமாகத் தோன்றலாம், அது 101.1 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லும்போதும் எண்ணோடு அலகையும் சேர்த்தே சொல்லுங்கள்.