செப்புத் தகட்டில் லேசர் பிளாஸ்மா: ஃபோகஸை எங்கே வைப்பது?

செப்புத் தகட்டில் லேசரைக் குவித்து பிளாஸ்மா (எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான வாயு) உண்டாக்கி, அதன் நிறமாலையைப் பதிவு செய்வதற்கான குறிப்புகள் இவை. இதற்கான லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் செம்பில் பட்டுத் தெறித்தால் விழித்திரை போய்விடும். அந்த அலைநீளத்துக்கு ஒளியடர்த்தி (ஒளியைத் தடுக்கும் அளவு, OD) 6க்குக் குறையாத பாதுகாப்புக் கண்ணாடியை அறையில் இருக்கும் எல்லோரும் போட்ட பிறகே லேசரைத் தொடுங்கள்.

என்டி-யாக் லேசர், 8 நானோசெகண்ட் பல்ஸ், 50 மில்லிஜூல், 100 மில்லிமீட்டர் குவியத்தூர லென்ஸ் போதும். புள்ளி 0.3 மில்லிமீட்டர் அகலம் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 900 கோடி வாட் கிடைக்கும். செம்பு பிளாஸ்மாவாக இது தாராளம். ஆற்றலைக் குறைக்க க்யூ-ஸ்விட்ச் (லேசருக்குள் ஆற்றலைத் தேக்கி ஒரே பல்ஸாக விடும் அடைப்பு) தாமதத்தைத் திருகாதீர்கள், பல்ஸின் அகலமே மாறிவிடும். ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் அரை அலைத் தகடும், ஒரே திசை அதிர்வை மட்டும் விடும் போலரைசரும் வைத்துக் குறையுங்கள்.

பலர் சறுக்குவது ஃபோகஸில்தான். குவியம் சரியாகப் பரப்பிலோ, அதற்கு முன்னாலோ விழுந்தால் காற்றே உடைந்து பிளாஸ்மாவாகும். 'டப்'பென்று சத்தம் பலமாக இருக்கும், தகட்டில் குழியோ மேலோட்டமாக இருக்கும். நிறமாலையில் 777 நானோமீட்டர் ஆக்சிஜன் கோடு ஓங்கி, செம்பின் கோடுகள் மங்கிக் கிடந்தால் இதுதான் காரணம். லென்ஸை நெருக்கி, குவியத்தைப் பரப்புக்கு 2–3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். பச்சை சாயலோடு பிளாஸ்மா தகட்டை ஒட்டி நிற்கும்.

ஆற்றலைக் கூட்டினால் எல்லாம் கூடும் என்று நம்ப வேண்டாம். பல்ஸின் முன்பகுதி செம்பை ஆவியாக்குகிறது. அந்த ஆவியிலுள்ள எலக்ட்ரான்கள் பின்பகுதியை விழுங்கிக்கொள்கின்றன. பிளாஸ்மா சூடாகும், தகட்டுக்குப் போகும் ஒளி குறையும்.

பிளாஸ்மாவின் வடிவத்தைச் சுற்றியுள்ள வாயுவும் தீர்மானிக்கிறது. வெற்றிடத்தில் அது தகட்டுக்குச் செங்குத்தாக நீண்டு பாய்ந்து கலைந்துவிடும். காற்றில் அழுத்தம் அமுக்குவதால் உருண்டு சுருங்கும். ஆர்கானை ஊதினால் இன்னும் சூடாக, பிரகாசமாக, கூடுதல் நேரம் நிற்கும். ஹீலியத்தில் சீக்கிரம் ஆறிவிடும்.

முதல் சில நூறு நானோசெகண்டுகளில் வருவது வெறும் தொடர்நிறமாலை, அதாவது தனிக் கோடுகள் தெரியாமல் எல்லா நிறமும் கலந்த ஒளி. 1 மைக்ரோசெகண்ட் தாமதித்துக் நிறமாலையைப் பதியும் கேமராவின் கேட்டை (மின்னணு ஷட்டரை) திறங்கள். செம்பின் 515.3, 521.8 நானோமீட்டர் கோடுகளை நம்பலாம். 324.7 கோட்டின் உச்சியில் பள்ளம் தெரிந்தால் லேசரைக் குறை சொல்லாதீர்கள், வெளியோரத்துக் குளிர்ந்த செம்பு ஆவி அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது.

ஆக்சைடு படலம் போக முதல் 5–10 லேசர் அடிகளை (பல்ஸ்களை) கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே இடத்தில் 50 அடிக்கு மேல் போனால் குழி ஆழமாகி பிளாஸ்மா அதற்குள் அடைபடும்; தகட்டை 1 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். அடிக்கடி காற்றில் தீப்பொறி வெடித்தால் மிதக்கும் செம்புத் தூசுதான் காரணம், பக்கவாட்டில் உறிஞ்சு குழாய் வைத்தால் நிற்கும்.