டிசைனருக்கு ஒரு மேசை: மதுரை வெயிலையும் கரண்டையும் தாங்குகிற கம்ப்யூட்டர் செட்டப்

மதுரையில் டிசைன் வேலை என்றால் பெரும்பாலும் மூன்று வகைதான். கல்யாணம், காதணி, பூப்புனித நீராட்டு விழா ஃபிளெக்ஸ் ஒன்று. சிவகாசி ஆஃப்செட் அச்சகத்துக்குப் போகிற அழைப்புப் பத்திரிகை, காலண்டர் இன்னொன்று. கடை போர்டு, நோட்டீஸ், வாட்ஸப் போஸ்டர் மூன்றாவது. இவற்றில் எதற்கும் கேம் ஆடுகிறவர் கேட்கும் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் கையில் இருக்கும் கொட்டேஷனை வாங்கிப் பார்த்தால் பாதிப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கலர் கலராக ஒளிரும் ஃபேனுக்கும் போயிருக்கும். மானிட்டர் கடைசி வரியில் நிற்கும். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் இருக்கவே இருக்காது.

இங்கே வரிசை தலைகீழ். முதலில் கரண்ட், பிறகு வெளிச்சம், பிறகு மானிட்டர், அதற்கப்புறம்தான் பெட்டி, அதாவது சிபியு.

படி 1: பிளக் பாயிண்டைச் சோதிப்பது

கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பும் முன்பே எலக்ட்ரீஷியன் ஒருவரை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் வைக்கப்போகும் பிளக் பாயிண்டில் மூன்று அளவு பார்க்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்குள். இரண்டாவது அளவு குறைவாகவோ ஆடிக்கொண்டோ இருந்தால் எர்த் சரியில்லை.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கும். பெட்டிக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை கசிய விடும் கரண்ட் எர்த் வழியாக இறங்க வேண்டும். இறங்க வழியில்லாதபோது மெயின் வோல்ட்டேஜில் பாதி கேபினெட் மேலேயே நிற்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்பதால் அடித்துப் போடாது. ஆனால் யூஎஸ்பி போர்ட்டும், பேனாவால் வரையும் பென் டேபிளட்டும் விட்டு விட்டு வேலை செய்யும், காரணம் பிடிபடாது. தனி வீடாக இருந்தால் பங்குனி, சித்திரையில் மண் காய்ந்துபோகும்போது எர்த் குழியில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். சாதாரண விஷயம்தான், பலரும் செய்வதில்லை.

படி 2: யூபிஎஸ்

"வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு?" என்று எல்லோரும் கேட்பார்கள். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டருக்குச் சற்று நேரம் ஆகும். சாதாரண மோடில் அது 40 மில்லி செகண்ட் வரை போகலாம். கரண்ட் இல்லாமல் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி செகண்ட். ஃபேன் நிற்காது, விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும்.

பல இன்வெர்ட்டர்களின் பின்னால் 'யூபிஎஸ் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் மாறும் நேரம் பெரும்பாலும் 10 முதல் 15 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும். ஆனால் அந்த மோடில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். மேலூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்குகிற வீடாக இருந்தால் பேட்டரி நாள் முழுக்க உழைத்துச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். அதனால் இன்வெர்ட்டர் இருந்தாலும் கம்ப்யூட்டருக்கென்று தனியாக, வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் ஒன்றை வையுங்கள். இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்ட் மாதிரியே வளைவான அலை தருகிற சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. சதுர அலை தருகிற பழைய இன்வெர்ட்டரைச் சில யூபிஎஸ்கள் கரண்டாகவே ஏற்காது.

டிசைன் வேலையின்போது கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரும் 24 இஞ்ச் மானிட்டரும் சேர்ந்து 150 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். 600 விஏ (விஏ என்பது யூபிஎஸ்ஸின் திறன் அளவு) யூபிஎஸ் புது பேட்டரியோடு 10 நிமிடம் போல ஓடும். சேமித்து அணைக்க அது போதும். கார்டு போடுவதாக இருந்தால் 1000 விஏ எடுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடேறும்போது ஒரே இழுப்பில் பல நூறு வாட் இழுக்கும். யூபிஎஸ் கூவி அணைந்துவிடும்.

கோடை மழைக்கு முன் இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு பிராட்பேண்ட் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் கரண்ட் லைனில்தான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. மதர்போர்டின் நெட்வொர்க் போர்ட் பல இடங்களில் போவது அந்த மெல்லிய வயர் வழியாகத்தான்.

படி 3: இடமும் வெளிச்சமும்

ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் உங்கள் நிழலுருவம்தான் தெரியும். எதிரே இருந்தால் கண் கூசி, மானிட்டரின் பிரைட்னஸை ஏற்றிக்கொண்டே போவீர்கள். மொட்டை மாடி அறையாக இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மனிதனுக்கே முடியாத சூட்டில் பெட்டி மட்டும் எப்படித் தாங்கும்?

மானிட்டருக்குப் பின்னால் உள்ள சுவர் வெளிர் சாம்பல் அல்லது மங்கலான வெள்ளையாக இருக்கட்டும். நம் ஊர் வீடுகளில் ரோஸும் பச்சையும் சாதாரணம். அந்தச் சுவரைப் பார்த்துப் பழகிய கண், திரையில் இருக்கும் தோல் நிறத்தைத் தப்பாகவே திருத்தும். சுவர் முழுக்க அடிக்க முடியாவிட்டால் மானிட்டருக்குப் பின்னால் மட்டும் சாம்பல் நிற அட்டை ஒன்றை ஒட்டுங்கள்.

விளக்கில் 3000 கெல்வின் மஞ்சள் பல்ப் வேண்டவே வேண்டாம். அதன் கீழே கிரீம் அட்டையும் வெள்ளை அட்டையும் ஒன்றுபோலத் தெரியும். பத்திரிகை அட்டையை மாற்றிச் சொல்லிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டியதுதான். அச்சுத் துறையில் நிறம் பார்க்க வைத்திருக்கும் அளவு 5000 கெல்வின். அது கிடைக்காவிட்டால் 6500 டியூப் போடுங்கள், ஆனால் இரண்டு வகையை ஒரே அறையில் கலக்காதீர்கள். விளக்கின் அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. விளக்கு சீலிங் ஃபேனுக்கு மேலே வரக்கூடாது. இறக்கையின் நிழல் மேசையில் வெட்டி வெட்டி விழுந்து ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

படி 4: மானிட்டர்

பணத்தை இறக்க வேண்டிய இடம் இதுதான். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி (திரை காட்ட வேண்டிய நிறங்களின் பொது அளவு) 100 சதவீதத்தை ஒட்டி. 24 இஞ்ச் என்றால் 1920க்கு 1080 போதும். 27 இஞ்ச் எடுத்தால் 2560க்கு 1440 கண்டிப்பாக வேண்டும். 27 இஞ்சில் 1080 வாங்கினால் எழுத்தின் விளிம்பு புள்ளி புள்ளியாகத் தெரியும். வளைந்த திரை டிசைனருக்கு ஆகாது, நேர்க்கோடு நேராக இருக்கிறதா என்பதில் சந்தேகம் வந்துகொண்டே இருக்கும்.

வாங்கி வந்ததும் அப்படியே வேலை தொடங்கக் கூடாது. கடையில் பளிச்சென்று காட்டுவதற்காகவே பிரைட்னஸை மேலே வைத்து அனுப்புகிறார்கள். இப்படிச் செய்யுங்கள்:

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மெனுவில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், நீல ஒளி குறைப்பு இரண்டையும் அணையுங்கள். விண்டோஸில் நைட் லைட்டையும் அணையுங்கள். கலர் டெம்பரேச்சர் 6500, காமா 2.2.

அடுத்து, திரை முழுக்க வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் புதிய ஏ4 தாளைப் பிடியுங்கள். தாள் அழுக்காகவும் திரை விளக்கு மாதிரியும் தெரிந்தால் பிரைட்னஸ் அதிகம். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். பல மானிட்டர்களில் இது 30-க்கும் 50-க்கும் நடுவே எங்காவது வந்து நிற்கும். "ஸ்கிரீன்ல பளிச்னு இருந்துச்சு, பிரிண்ட்ல இருட்டா வந்துருச்சு" என்ற புகாரில் முக்கால்வாசி இங்கேயே தீர்ந்துவிடும்.

கறுப்பு வெளுத்துப்போய், சாம்பல் கலந்தது மாதிரித் தெரிந்தால் பேனல் கோளாறு என்று கடைக்கு ஓடாதீர்கள். ஹெச்டிஎம்ஐயில் கம்ப்யூட்டர் அதை டிவி என்று நினைத்து நிற அளவைச் சுருக்கி அனுப்பியிருக்கும். கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ரேஞ்சை 'லிமிடெட்'டிலிருந்து 'ஃபுல்'லுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

மானிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்யும் காலிபிரேஷன் கருவி இருந்தால் நல்லது, விலைதான் அதிகம். அது வாங்கும்வரை ஒரு வழி உண்டு. நீங்கள் வழக்கமாகக் கொடுக்கப்போகும் பிரஸ்ஸில் 1 அடிக்கு 1 அடி ஃபிளெக்ஸ் அடித்து வாங்குங்கள். அதில் 12 நிறக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் அதன் சிஎம்ஒய்கே எண், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் சதவீதம். முக்கியமாக இரண்டு நீலம் வையுங்கள்: சயான் 100 மெஜந்தா 100 ஒன்று, சயான் 100 மெஜந்தா 70 ஒன்று. முதலாவது திரையில் நல்ல நீலமாகத் தெரிந்தாலும் அச்சில் ஊதாவாக இறங்கும். கட்சிக் கொடி நிறத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் துண்டை மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டு, நிறத்தைக் கண்ணால் அல்ல, எண்ணால் தேர்ந்தெடுங்கள்.

படி 5: பெட்டி

எவ்வளவு ரேம் என்று கேட்கும் முன் ஒரு கணக்கு. 10 அடிக்கு 20 அடி ஃபிளெக்ஸ், 72 டிபிஐ, அதாவது ஓர் இஞ்சுக்கு 72 புள்ளி. 120 இஞ்ச் பெருக்கல் 72, அதாவது 8,640 பிக்சல். 240 இஞ்ச் பெருக்கல் 72, அதாவது 17,280 பிக்சல். மொத்தம் கிட்டத்தட்ட 15 கோடி பிக்சல். சிஎம்ஒய்கேயில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கே (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பட அடுக்கு) சுமார் 570 எம்பி. மாப்பிள்ளை, பொண்ணு, பேக்ரவுண்டு, தாய்மாமன் வரிசை, நண்பர்கள் வரிசை என்று லேயர் ஏறினால் 8 ஜிபி ரேம் எப்படி மூச்சு வாங்கும் என்று பாருங்கள். ஆரம்பத்துக்கு 16 ஜிபி, ஃபிளெக்ஸ்தான் பிழைப்பு என்றால் 32 ஜிபி. 16ஐயும் ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபி இரண்டாகப் போட்டால் வேகம் கூடும்.

இதே ஃபிளெக்ஸை 300 டிபிஐயில் திறந்தால் ஒரு லேயரே 10 ஜிபியைத் தொடும். அதோடு போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் 30,000 பிக்சலுக்கு மேல் சேமிக்காது, பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி வகையாகத்தான் சேமிக்க வேண்டும். 300 என்பது கையில் வைத்துப் பார்க்கும் பத்திரிகைக்கு. தெருமுனையில் நின்று பார்ப்பதற்கு 72 தாராளம்.

பிராசஸர், கோர் ஐ5 அல்லது ரைசன் 5 போதும். இன்டெலில் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. விலை குறைகிறதே என்று அதை எடுத்துவிட்டு, கார்டும் போடாமல் வந்தால் மானிட்டரில் எதுவுமே வராது. கார்டு போட்டவர்கள் ஹெச்டிஎம்ஐ வயரைக் கார்டில்தான் சொருக வேண்டும். மதர்போர்டில் சொருகிவிட்டு "கார்டு வேலை செய்யல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் போகிறவர்கள் நிறைய.

விண்டோஸும் சாஃப்ட்வேரும் வேகமான சேமிப்பு டிஸ்க்கான 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியில். முடிந்த வேலைகளுக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க். ரேம் போதாதபோது போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் இடமான ஸ்கிராட்ச் டிஸ்க்கை எஸ்எஸ்டியிலேயே வைத்து, 100 ஜிபி எப்போதும் காலியாக விடுங்கள். எஸ்எம்பிஎஸ் 80 பிளஸ் பிரான்ஸ் தரச்சான்று உள்ளது, 450 வாட். கேபினெட்டோடு 'ஃப்ரீ'யாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காமல் அரை அடி உயரத்தில், பின்பக்கம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள். மேசைக்குள் கதவு போட்ட அறையில் அடைத்தால் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். பின்னால் திறந்திருக்கும் ஸ்லாட் ஓட்டைகளை மூடுங்கள். பல்லியும் எறும்பும் கதகதப்பைத் தேடி உள்ளே போகும். போர்டில் ஷார்ட் ஆன பிறகுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் தூசி அடியுங்கள், அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 6: மேசை, நாற்காலி

4 அடிக்கு 2 அடி பலகை, 28 அல்லது 29 இஞ்ச் உயரம். அகலத்தை விட்டாலும் அந்த 2 அடி ஆழத்தை விடாதீர்கள், மானிட்டர் கை நீட்டும் தூரத்தில் நிற்க அது வேண்டும். மேல் பலகைக்குப் பளபளப்பான வெள்ளை மைக்கா வேண்டாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். நாற்காலியில் ரெக்சின் போட்ட பெரிய 'பாஸ் சேர்' சித்திரை மாதத்தில் முதுகை நனைத்துவிடும். வலை முதுகு உள்ளது எடுங்கள். காசு இல்லையென்றால் பழைய ஒயர் சேரே தேவலாம்.

படி 7: தமிழ் எழுத்து

விண்டோஸ் மொழி செட்டிங்கில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேருங்கள். போட்டோஷாப்பில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி உடைகிறதா? பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய எழுத்துகளுக்கான விருப்பத்தை, சில பதிப்புகளில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்று இருப்பதை, தேர்ந்தெடுங்கள். பிரஸ்களில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அவை போனிலும் இணையத்திலும் பயன்படும் பொதுக் குறியீடான யூனிகோட் அல்ல. வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பிய பெயரை அப்படியே ஒட்டினால் பாமினியில் எழுத்து வராது. கன்வெர்ட்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியபின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிரஸ்ஸுக்கு அனுப்பும் ஃபைலில் எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துரு இல்லாமலே திறக்கும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள்.

படி 8: பென்டிரைவும் பேக்கப்பும்

2 ஜிபி ஃபைல் ஏறுகிறது, 5 ஜிபி ஃபைல் 'ஃபைல் பெரிது' என்று மறுக்கிறது, பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும். காரணம், அந்தப் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். பிரஸ் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்த பென்டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்கக் கூடாது. முடிந்த வேலை உள் டிஸ்க்கில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. வெளி டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்திருந்தால் இடி விழும் அன்று இரண்டும் சேர்ந்தே போகும்.

படி 9: மெயினை அணைத்துப் பார்ப்பது

முதல் ஆர்டர் பிடிக்கும் முன் இதைச் செய்யுங்கள். பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்து, ஏதாவது ஒரு ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ் சொருகியிருக்கும் சுவிட்சை அணையுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் யூபிஎஸ்ஸின் அளவோ பேட்டரியோ போதவில்லை. ஆகவில்லையென்றால் போனில் நேரம் பார்த்துக்கொண்டு ஃபைலைச் சேமித்து முறைப்படி அணையுங்கள். சேமிக்க எத்தனை நிமிடம் ஆனது, யூபிஎஸ்ஸில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைத் தேதியோடு ஒரு துண்டுத்தாளில் எழுதி யூபிஎஸ் மேலேயே ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி இதையே செய்து பாருங்கள். நிமிடம் பாதியாகக் குறைந்திருந்தால் சித்திரைத் திருவிழா ஆர்டர்கள் குவியும் முன்பே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.