இ.சி.ஜி. தாளில் துடிப்பை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, ஆனி மாத மழையில் முழுக்க நனைந்து, நெஞ்சு படபடக்கிறது என்று வந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்கு எடுத்த இ.சி.ஜி.யில், அடிக்கோடு முழுவதும் பொடிப்பொடியாக நெளிந்திருந்தது. அதைக் கண்ட இளம் செவிலியர் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற நடுக்கம்) என்று எழுதிவிட்டார். ஒவ்வொரு துடிப்பிலும் கூர்முனையாக நிற்கும் ஆர் அலைகளுக்கு இடையிலுள்ள தொலைவை ஒரு காகிதத் துண்டின் விளிம்பில் குறித்து, தாளின் மேல் நகர்த்திப் பார்த்தபோது, எல்லாத் துடிப்புகளும் ஒரே சீராக விழுந்தன. ஈர உடையை மாற்றி, போர்வை போர்த்தி, கால் மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்த தாளில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகள் தெளிவாக நின்றன. குளிரில் நடுங்கிய தசைகளே முதல் தாளை அப்படிக் கெடுத்திருந்தன.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்ல இரண்டும் வேண்டும்: பி அலை இருக்கக் கூடாது, துடிப்புகளுக்கு இடையிலான தொலைவு எந்த ஒழுங்குக்கும் உட்படாமல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு மிக விரைவாகும்போது இந்த ஒழுங்கின்மை கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், அளக்காமல் ‘சீரானது’ என்று எழுதுவதும் தவறே. இதைத் தவறவிட்டால், மேலறையில் உறையும் இரத்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

என் அனுபவத்தில் மிகுதியாக ஏமாற்றுவது நிமிடத்துக்கு 150 என்ற எண். ஏட்ரியல் ஃப்ளட்டரில் மேலறை நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 முறை துடிக்க, ஒன்றுவிட்டு ஒன்றே கீழறைக்கு இறங்குவதால், நாடி 150 அளவில் நிற்கும். இரண்டு மேலறை அலைகளில் ஒன்று கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ்ஸுக்குள்ளோ அதையடுத்து வரும் டி அலைக்குள்ளோ ஒளிந்துகொள்ள, இயந்திரமும் ‘சைனஸ் டாக்கிகார்டியா’ (இயல்பான தாளத்திலேயே விரைந்த துடிப்பு) என்று அச்சிட்டுவிடும். அச்சிட்டதை அப்படியே நம்பாமல், இதயத்தை வெவ்வேறு கோணங்களில் காட்டும் பதிவுகளான லீடுகளில், இரண்டாம், மூன்றாம் லீடுகளிலும் ஏவிஎஃப் லீடிலும் அரம் போன்ற பற்களையும், வி1 லீடில் கூடுதல் அலையையும் தேட வேண்டும். காய்ச்சலாலோ வலியாலோ விரைந்த இதயம் ஓய்விலும் மருந்திலும் மெல்ல மெல்ல இறங்கும். ஃப்ளட்டரோ அரை மணி நேரம் கழித்தும் பெரும்பாலும் அதே 150-இல் அசையாமல் இருக்கும்.

கியூஆர்எஸ் 0.12 நொடிக்கு மேல், அதாவது மூன்று சிறு கட்டங்களைத் தாண்டி அகன்று, துடிப்பும் விரைவாக இருந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறையிலிருந்து எழும் ஆபத்தான விரைவுத் துடிப்பு) என்றே கொள்ள வேண்டும். முன்பு மாரடைப்பு வந்தவரிடம் இதில் ஐயமே வேண்டாம். குளச்சலிலிருந்து வரும் மீனவர் தாமே நடந்து வந்து, நன்றாகப் பேசுகிறார், இரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது என்பது இதை மறுக்கும் சான்றாகாது. அந்த நம்பிக்கையில், துடிப்பைக் குறைக்கும் வெரபமில் ஊசி போட்டால், இரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுவிடலாம்.

எண்ணும்போதும் பிழை நேர்கிறது. 300-ஐ, இரண்டு ஆர் அலைகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை சீரான துடிப்புக்கு மட்டுமே பொருந்தும். சீரற்றதற்கு, நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடிய தாளில் 50 பெரிய கட்டங்களுக்குள், அதாவது 10 நொடிக்குள், வரும் ஆர் அலைகளை எண்ணி 6-ஆல் பெருக்குங்கள். முதல் லீடில் பி அலையும் கியூஆர்எஸ்ஸும் தலைகீழாக இருந்தால், கை எலெக்ட்ரோடுகள் இடம் மாறியிருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

துடிப்பு மெதுவாக இருக்கும்போது ஒரே ஒரு துடிப்பில் பிஆர் இடைவெளியை (பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூஆர்எஸ்ஸின் தொடக்கம் வரை) அளந்து நிறுத்திவிடுவது ஆபத்தானது. நீண்ட பட்டையில் பி அலைகள் ஒரு கணக்கிலும் கியூஆர்எஸ் வேறொரு கணக்கிலும் ஒன்றோடொன்று தொடர்பின்றி ஓடினால் அது முழு இதய அடைப்பு (இரத்தக் குழாய் அடைப்பு அல்ல; மேலறையின் மின் தூண்டல் கீழறைக்கு இறங்காத தடை). பேஸ்மேக்கர் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். மானிட்டரில் நேர்கோடு தெரிந்தாலோ, கழுத்து நாடியைத் தொட்டுப் பார்ப்பதே முதல் வேலை: நாடி இல்லையென்றால் அந்த நொடியிலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்; கழன்ற ஒயரைத் தேடும் வேலையை உடன் நிற்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.