வில்லோ பட்டைக் கஷாயம்: முதல் தடவை போடுகிறவர்களுக்கு

தலைவலிக்குக் குடித்துவிட்டு அரை மணி நேரத்தில் எழுந்து உட்காரலாம் என்று நினைத்தால், வில்லோ மரத்தின் பட்டை அதற்கு ஆள் இல்லை. இடுப்புவலி, மூட்டுவலி மாதிரி நாள்கணக்கில் நச்சரிக்கும் வலிகளுக்குத்தான் இதை முயன்று பார்க்கலாம், அதிலும் பலன் தெரிய ஒரு வாரம்கூட ஆகும்.

இதில் வேலை செய்யும் சரக்கு சாலிசின். உடம்புக்குள் போனதும் அது சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இந்தப் பட்டையைப் பொடித்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். 1897-இல் பேயர் என்ற ஜெர்மன் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான ஆஸ்பிரினுக்கும் அதே அமிலம்தான் மூலம்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், அதனால் ஆஸ்துமா கூடுகிறவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் யாருக்கும் இது வேண்டாம். 18 வயதுக்குக் கீழும் கூடாது. ஆஸ்பிரினால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய ரேய் சிண்ட்ரோம் என்ற, மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து இதிலும் வரலாம் என்ற எச்சரிக்கைதான் காரணம். வேறு ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிட்டால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 1: பட்டை. மரத்தில் நீங்களே உரிக்கப் போகாதீர்கள். மரம் மாறிப்போகலாம், சுற்றிலும் உரித்துவிட்டால் மரமே பட்டுப்போகும். இளங்கிளைகளிலிருந்து எடுத்து உலர்த்தி, மேலே தாவரப் பெயரும் சாலிசின் அளவும் போட்டு விற்பதை வாங்குங்கள்.

படி 2: நிறுங்கள். ஒரு கோப்பைக்கு 2 முதல் 3 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், சீவல் கரடாக இருந்தால் ஒரு எடை, பொடியாக இருந்தால் வேறு எடை வரும்.

படி 3: கால் லிட்டர் பச்சைத்தண்ணீரில் பட்டையைப் போட்டு, அப்புறம் அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம். நான் முதல் தடவை தேயிலை மாதிரி வெந்நீரை ஊற்றி இரண்டு நிமிடத்தில் வடிகட்டினேன். லேசாக மரவாசனை அடிக்கும் வெந்நீர்தான் கிடைத்தது. பட்டை கெட்டியானது, அவ்வளவு சீக்கிரம் சத்தை விடாது.

படி 4: இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு வடிகட்டுங்கள். கசப்பும் துவர்ப்புமாக நாக்கை இழுக்கும். தேன் கலக்கலாம், பெரிதாக ஒன்றும் மாறாது.

படி 5: சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று கோப்பை போதும். கணக்கு இதுதான்: பட்டையில் 1.5 சதவீதம் சாலிசின் இருந்தால் 3 கிராமில் 45 மில்லிகிராம், மூன்று கோப்பையில் 135. இடுப்புவலிக்கான ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தது தினம் 120 முதல் 240 மில்லிகிராம். சரி, இன்னும் ரெண்டு கோப்பை கூடக் குடித்தால் சீக்கிரம் கேட்குமே என்று தோன்றும். வேண்டாம், வயிறு எரியலாம்.

கூடவே ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எதுவும் போடாதீர்கள். மலம் கருப்பாகப் போனாலோ, காதில் ரீங்காரம் கேட்டாலோ, தோலில் தடிப்பு வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நான்கு வாரம் குடித்தும் வலி அப்படியே இருந்தால், அதற்கு மேல் பட்டை வாங்க வேண்டாம்.